பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை உடைத்துவிட்டேன். பச்சைக் குடம். புதுசு. பக்கத்து வீட்டு மேரி அக்காவுடையது.

நான் உடைக்கவில்லை, என் கார்தான் உடைத்தது என்று சொல்லிப் பார்த்தேன். திருவொற்றியூரில் இந்த மாதிரி வக்கீல் பேச்செல்லாம் எடுபடாது.

கார் என்றதும் பெட்ரோல் போடுகிற கார் என்று நினைத்து என் மேல் மரியாதை வைத்துவிடாதீர்கள். ரிமோட் கார். முழங்கை நீளம். இந்த வயசில் இது தேவையா என்று கேட்பீர்கள்... என் மனைவி செல்வி எப்போதோ கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு ஒரு கண்டிஷனும் போட்டாள் — ஹார்பர் சம்பளம் வீட்டுக்கு, ஓவர்டைம் காசு மட்டும்தான் காருக்கு.

கார் வாங்கியது பெரிய செலவில்லை. அதற்கப்புறம்தான் யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. சுவரில் ஒரு தடவை மோதினால் போதும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கை ஒடிந்துவிடும். புதுசு சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அந்த விலைக்கு வஞ்சிரம் வாங்கினால் தெருவுக்கே குழம்பு வைக்கலாம்.

சிக்கனமாக ஏதாவது செய்யலாம் என்று, சாத்தாங்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் தாஸிடம் போனேன். இரும்பு மார்க்கெட்டிலேயே இருப்பவனுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதானே?

"பிளாஸ்டிக்குன்னா ஒடியத்தான் செய்யும் மாமு. இரும்புல அடிச்சிக் குடுத்துடறேன். உன் பேரன் வரைக்கும் ஓடும்."

பட்டறையில் கிடந்த துண்டு இரும்பு. காசு வேண்டாம், டீ போதும் என்றான். முன்னால் இரண்டு கை... போகிற போக்கில் ஒரு பம்பர்... அடியில் ஒரு தகடு. ஒரு டீக்கு இவ்வளவு இரும்பு வருமா என்று எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வந்ததில் தொடை மரத்துப் போனது.

தாஸ் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு கார் ஒடியவே இல்லை. மோதிய இடமெல்லாம் ஒடிந்தது.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதற்கு வெகுநேரம் முன்பே குடங்கள் வரிசை கட்டிவிடும். சோதனை ஓட்டமாக நான் விட்ட கார் நிற்காமல் — அந்தக் கனத்துக்கு எப்படி நிற்கும்? — நேராக வரிசைக்குள் போனது. அப்புறம்தான் அந்தப் பச்சைக் குடம்.

செல்வி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வரிசையில் இருந்த எங்கள் குடத்தை எடுத்து மேரி அக்காவிடம் கொடுத்தாள். என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போ, உன் காசுல ஒரு குடம் வாங்கினு வா. சாயங்காலம் பேரீச்சம்பழக்காரன் வருவான். பிளாஸ்டிக்கா இருந்தவரைக்கும் அவன் எடுத்திருக்க மாட்டான். இப்ப நல்ல இரும்பா கீது."

சிக்கனம் பண்ணுகிறேன் என்று காரைப் பழைய இரும்புக்குப் போடுகிற தகுதிக்கு நானே உயர்த்தியிருக்கிறேன். எத்தனை ஓவர்டைம் தின்ற கார் அது... கடைக்குப் போகிற வழியெல்லாம் அதையே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

குடத்தோடு திரும்பி வந்தால், லாரி வந்துவிட்டது. வரிசையில் எங்கள் குடம் இருந்த இடத்தில் என் கார் நிற்கிறது. இடம் போய்விடுமே என்று செல்வி அதை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்க மாடிக்குப் போயிருக்கிறாள்.

"இவ்ளோ நேரம் குடமும் இல்ல, ஆளும் இல்ல. பொம்மைய வெச்சி இடம் புடிப்பியா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சண்டைக்கு வந்தார்.

தீர்ப்பு சொன்னது மேரி அக்கா. ஆமாம், குடம் உடைந்த அதே மேரி அக்கா.

"கல்லு வெச்சா இடம் உண்டு இல்ல? இது கல்ல விட கனமாத்தான் கீது. வுடு."

வரிசை நகர்ந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த செல்வி ரிமோட்டை அழுத்தினாள். கார் முக்கி முனகி ஒரு குடம் அளவுக்கு முன்னால் போய் நின்றது. சண்டைக்கு வந்த அம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் பேரீச்சம்பழக்காரர் வந்தார், கூவினார், போனார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

இப்போதெல்லாம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே கீழே கார் எங்கள் குடத்தைச் சுமந்துகொண்டு வரிசையில் நகர்கிறது. நேற்று செல்வியே வந்து, "பேட்டரி சீக்கிரமா இறங்கிடுதுய்யா, பெருசா ஒண்ணு வாங்கினு வா" என்று வீட்டுக் காசை எடுத்து நீட்டினாள். அவளிடம் கேட்கவே நான் பயந்துகொண்டிருந்த அதே பேட்டரி.

ஆக, பொழுதுபோக்குக்கு ஆகிற செலவைச் சமாளிக்க வழி தேடுகிறவர்களே — அதை எப்படியாவது வீட்டுக்கு வேண்டிய சாமானாக்கிவிடுங்கள். அப்புறம் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு சிக்கல்தான்.

இன்று காலை புது பேட்டரியைப் போட்டு, ஆசை ஆசையாகக் காரைத் தெருவில் இறக்கினேன். மாடியிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி புடிக்கிற சாமான எடுத்து இன்னாய்யா விளையாட்டு? ரிமோட்ட கீழ வை."