ரெமிஜியஸின் கரிசல்

ஷூவைக் கழற்றி பால்கனிக் கம்பியில் டக் டக்கென்று தட்டுகிறார் ரெமிஜியஸ். பொலபொலவென்று சரளைக் கல் கொட்டுகிறது. அடுத்து சாக்ஸ். அதில் தைத்திருக்கும் ஊசிப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கிறார், குழந்தைக்குப் பேன் பார்க்கிற பொறுமையோடு. கடைசியில் கொட்டிய கல்லில் வெள்ளையாக ஒன்றைப் பொறுக்கி, நுனி நாக்கில் வைத்து ஈரமாக்கி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சே" என்று வீசுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரு நீலசந்திராவில் அந்த வீட்டு மாடியை யார் நிமிர்ந்து பார்த்தாலும் இந்தக் காட்சி இலவசம்.

நக்குவது பரம்பரைப் பழக்கம். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வெள்ளைக் கல்லை ஈரமாக்கினால் அதிலுள்ள தங்கத்தின் மஞ்சள் பொட்டு பளிச்சென்று தெரியுமாம். "எங்கப்பா நக்காத கல்லு தங்கவயல்லயே கெடையாது" என்று மகன் பெருமையாகச் சொல்வார். மனைவி லவினாவுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. "காலைல பூசைல நன்மை அப்பம் வாங்க வேண்டிய நாக்கு, எங்கியோ கெடந்த கல்லை நக்குது பாரு, கர்மம்!" என்பார்.

ரெமிஜியஸுக்குச் சோறு போடுவது பீன்யாவில் ஒரு லேத் பட்டறை. கைசுத்தமான ஆள். ஆனால் தப்பை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசல் ஒரு மயிரிழை பிசகினால் சத்தமில்லாமல் ஸ்கிராப் டப்பாவில் போட்டுவிட்டு, "மெட்டீரியல் சரியில்ல" என்பார். ரசம் கசந்தால் புளி மெட்டீரியல் சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் மெட்டீரியல் சரியில்லை. மகளுக்குக் கணக்கு வராமல் போனபோது டீச்சரின் மெட்டீரியல்வரை போய்விட்டு வந்தார். நல்லவேளை, டீச்சர் காதில் அது விழவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் தும்கூர் பக்கம் சிரா தாண்டி ஒரு துண்டு நிலம் வாய்த்தது. விற்றவர் போனில் கன்னடத்தில் சொன்னார்: "கரசு பூமி சார், நீரு நில்லல்ல." பட்டறைக் கன்னடம், பஸ் கன்னடம், சண்டைக் கன்னடம் எல்லாம் ரெமிஜியஸுக்கு அத்துப்படி. வயற்காட்டுக் கன்னடம்தான் தெரியாது. கரசு என்றால் அங்கே சரளை. இவருடைய தமிழ்க் காதோ அதைக் கரிசல் என்று வாங்கிக்கொண்டது. கரிசல்! தண்ணீரும் தேங்காது! போய்ப் பார்த்த அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது, முழங்கால் உயரத்துக்குப் புல் அலையடித்தது. மனுஷன் புல்லைப் பார்த்தாரே தவிர மண்ணைப் பார்க்கவில்லை. அங்கங்கே செவேலென்று தெரிந்ததற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்: மேலே சிவப்பு, உள்ளே போகப் போகக் கறுப்பு.

கரிசல் நிலம் என்ற சேதி அன்றைக்கே தெருவெல்லாம் பரவியது. பரப்பியவர் லவினா. சர்ச் பாட்டுக் குழுவில் ஒருவர் பாக்கியில்லை. மாந்தோப்பு வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தின்ற மாம்பழக் கொட்டையை எல்லாம் பெயிண்ட் பக்கெட்டில் ஊன்றி மொட்டை மாடியில் வளர்க்க ஆரம்பித்தார். நடுவில் இரண்டு சப்போட்டாவும் சேர்ந்துகொண்டது.

ரெமிஜியஸ் முதல் குழி தோண்டப் போனார். சுரங்கத்துக்காரர் பிள்ளை, கடப்பாறையை ஓங்கிப் போட்டார். ணங்! ஒரு சாண் மண், அதில் பாதி கல்; அதற்குக் கீழே பாறை. பத்தடி தள்ளிப் போட்டார். அங்கேயும் ணங். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். இங்கே ஆழ உழுதால் கொழுதான் மொக்கையாகும். அப்பன் பாதாளம்வரை போய் வந்த குடும்பத்தில் மகனால் முழங்கை ஆழம் இறங்க முடியவில்லை. மானம் போய்விட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை.

லால்பாக்கில் ஒட்டு மாங்கன்று ரெண்டு வாங்கி, திருட்டுத்தனமாக நட்டும் பார்த்தார். மழைக்காலம் முழுக்கத் தளதளவென்று நின்றவை, பங்குனி வெயிலில் கருகிப்போயின. பிடுங்கிப் பார்த்தால், நேரே இறங்கிய வேர் பாறையில் முட்டி, முழங்கையை மடக்கின மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மட்டும் "மெட்டீரியல் சரியில்ல" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், மெட்டீரியலைப் பொறுக்கிய ஆள் யார் என்ற கேள்வி வருமே!

அதற்கப்புறமும் ஞாயிறு தவறாமல் போனார், பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து. போகப் போக அந்த மண்ணின் சுபாவம் பிடிபட்டது. எத்தனை மழை கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் காலில் சேறு ஒட்டாது. உச்சி வெயிலில் மேல்கல் சுடும்; அதைப் புரட்டினால் அடியில் சில்லென்று ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்குச் சோறு போடாத அந்த மண், ஒரு மழை கண்டால் வாரத்துக்குள் புல்லைக் கிளப்பிவிடும். இதையெல்லாம் லவினாவிடம் சொல்ல மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டுமே. தன் பேச்சை இனி அவர் நம்பவே மாட்டாரோ என்ற பயம் வேறு. "மழை செட் ஆகட்டும்", "போர்வெல்காரன் வரட்டும்" என்று ரெண்டு வருஷத்தை ஓட்டினார். மாடியில் பக்கெட்டின் அடி ஓட்டை வழியே வேர் வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

இந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிறு லவினா முந்திக்கொண்டார். பக்கத்துத் தெருக்காரரிடம் ஆம்னி வேனைக் கேட்டு வாங்கி, பக்கெட்டுகளை அடுக்கிவிட்டு, "ஓட்டுங்க, போலாம்" என்றார். ரெமிஜியஸ் வண்டியைக் கிளப்பினார். தும்கூரில் அவருக்கு வாங்கிய தட்டு இட்லி அப்படியே ஆறிப்போயிற்று.

இறங்கியதும் கடப்பாறையை லவினாவே எடுத்தார். ணங்.

"இன்னாங்க இது? கரிசல்னீங்களே? கரிசல்னா கறுப்பா இருக்க வேணாமா?"

"மேலதான் கொஞ்சம் கல்லு. உள்ள…"

"உள்ள?"

ரெமிஜியஸ் கடப்பாறையை வாங்கிக் கீழே வைத்தார். "உள்ள பாறை. அந்தாளு கரசுன்னான். எனக்குக் கரிசல்னு காதுல வுழுந்துச்சு. தப்பு என்னுதுதான்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடைசி வாக்கியத்தை லவினா கேட்டதில்லை. ஆனாலும் அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"எப்ப தெரியும்?"

"மொதல் குழியிலயே."

கோபம் வந்தால் லவினாவின் 'நீங்க' 'நீ' ஆகிவிடும். "ரெண்டு வருசமா! அன்னிக்கே நீ சொல்லியிருந்தா இதுங்கள பக்கெட்ல மூச்சு முட்ட வெச்சிருப்பனா? சர்ச் காம்பவுண்டுலயாவது நட்டிருப்பேன்ல!"

"இல்ல, உன் மூஞ்சி வாடிப்போயிடும்னு…"

"மூஞ்சி வாடுனா கழுவிக்கலாம். செடி வாடுனா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கெட்டுகள் வேனிலேயே இருக்கட்டும், ஊருக்குத் திரும்பியதும் ஃபாதரைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார்.

நிலத்தைச் சுற்றி, அடியில் கல் குவித்து நிறுத்திய கல்தூண்களில் இரண்டு வரிசை முள்கம்பி. உள்ளே போன வருஷப் புல் காய்ந்து நிற்க, அதனடியில் புதுப்பச்சை. வெளியே ஒரு மந்தை ஆடு கம்பியை ஒட்டியபடியே சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. மேய்க்கிற ஈரண்ணா நின்று, லவினாவைப் பார்த்து, "இஷ்டு ஹுல்லு சும்னெ ஹாளாக்தைதல்லக்கா" என்றார். இவ்வளவு புல்லும் சும்மா வீணாகிறதே என்று ஆற்றாமை. குறை சொல்கிற குரல் இல்லை.

"இவங்க ஏன் சுத்திப் போறாங்க?" என்று லவினா புருஷனைக் கேட்டார்.

"முன்ன உள்ளதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மாங்கன்னைத் தின்னுடும்னு நான்தான் வேலி போட்டேன்."

"எந்த மாங்கன்னை?"

ரெமிஜியஸ் வேலிக்குப் போனார். கம்பியின் முறுக்கை அவிழ்க்கப் பார்த்தார். லேத்துக்காரர் போட்ட முறுக்கு, வெறுங்கைக்கு மசியுமா! விட்டுவிட்டு, குனிந்து மேல் கம்பிக்குத் தோளைக் கொடுத்து நெம்பித் தூக்கினார். சட்டை கிழிந்தது. ஆடுகள் தயங்கின. கீழ்க் கம்பி விறைப்பாக வழியை மறித்துக்கொண்டு நின்றது. லவினா அவர் முகத்தைப் பார்க்காமலே வந்து, சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்க் கம்பியின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினார்.