பானெட்டில் மூன்று வளையங்கள்

புளியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை எங்காவது அடித்தால் எனக்கு உடனே பன்னிரண்டு வயதாகிவிடும். புளி, அம்மா குத்துவிளக்கு தேய்ப்பதற்கு. மண்ணெண்ணெய் போல நெடியடித்தது, காரின் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் 'காம்பவுண்ட்' என்ற வெள்ளைக் குழம்பு. இரண்டும் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மணந்தன. முதலாவது செய்த வினையைத் தீர்க்கத்தான் இரண்டாவது வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெரு ஒன்றில் எங்கள் கூட்டுக் குடும்பம் இருந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு வித்துராவில் பள்ளிக்கூட வேலை, போக வர இரண்டிரண்டு பஸ். கல்யாணமாகாதவள் இருட்டிய பிறகு வீடு திரும்புவதாவது என்று, வீட்டில் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை பெற்றிருந்த பெரியப்பா வேலையை விடச் சொன்னார். அத்தை வேலையை விடவில்லை. ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி, தானே ஓட்டவும் கற்றுக்கொண்டாள். தெருவே வாயைப் பிளந்தது. "ஒரு கீறல் விழுந்தாலும் வண்டியை வித்துடணும், வேலையும் வேண்டாம், கேட்டியா?" என்ற நிபந்தனையோடு பெரியப்பா இறங்கி வந்தார். அத்தையும் வீம்புக்கு "ஆகட்டும்" என்றுவிட்டாள்.

அம்மாவோ பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை. கணவரின் அண்ணாவிடம் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "காபி ஆறறதுன்னு பெரியப்பாகிட்ட சொல்லு" என்பாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அவர் காதில் அது விழுந்திருந்தாலும், நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் டம்ளரை எடுப்பார். இந்தத் தபால் வேலை எனக்கு அப்போதே பிடிக்காது.

சரஸ்வதி பூஜைக்குக் காருக்கும் சந்தனமும் விபூதிப் பட்டையும் இட்டார்கள். மறுநாள் அவை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அம்மா, அத்தை எழுந்து வருவதற்குள் வண்டியைப் பளபளவென்று ஆக்கிவிட ஆசைப்பட்டாள். அதற்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: புளி, சாம்பல், தேங்காய் நார், வட்ட வட்டமாக அழுத்தித் தேய்ப்பது. விளக்குக்குச் செய்கிற மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் காருக்கும் செய்தாள். வெயில் ஏறியதும், எஞ்சின் மேல்மூடியான பானெட் முழுவதும் வளையம் வளையமாகக் கீறல்கள் தெரிந்தன.

பெரியப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒருத்தரைக் கூட்டிண்டு வரேன், வண்டியைப் பார்க்க" என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். ரசத்தில் உப்புக் குறைந்தாலே சண்டைக்கு வரும் அத்தை அன்று அவளைத் திட்டவில்லை. "அழாதேங்கோ மன்னி. இன்னும் நாலு நாள் இருக்காக்கும்" என்றாள்.

அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போன கரமனைப் பக்கத்து வர்க்‌ஷாப்பில் பெயிண்டர் நாகர்கோவில்காரர். "சாரை வரச் சொல்லுங்க சேச்சி, அவருட்ட வெவரம் சொல்லுதேன்" என்றார். "சார் யாரும் கிடையாது. என்கிட்டயே சொல்லுங்கோ" என்றாள் அத்தை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆழமான கீறலுக்கு மொதல்ல வாட்டர் பேப்பருன்னு நைசான உப்புத்தாளு உண்டு, அத நனைச்சு இழுக்கணும். பெறகு காம்பவுண்டு. எல்லாம் நீளவாக்குலதான், வட்டமா போவப்பிடாது. ஓரத்துல பெயிண்டு கனம் கம்மி. அங்க ரொம்பத் தேச்சா தகரம் பல்லை இளிச்சிரும்."

காலையில் வெயில் வருமுன்னும், அத்தை பள்ளிவிட்டு வந்த பிறகு நிழலிலும் அம்மாவும் அவளும் தேய்த்தார்கள். மெல்லிய துணி வேண்டுமே? பெரியப்பாவின் பழைய வேஷ்டி கிழிபட்டது. அதில் எனக்கு அலாதி திருப்தி. அம்மாவின் கை தானாகவே வட்டத்துக்குப் போகும். அத்தை மணிக்கட்டைப் பிடித்து நேராக இழுத்துவிடுவாள். மூன்றாம் நாள் அம்மாவின் கை அத்தையுடையதைவிட நேராகப் போயிற்று. பானெட்டின் ஓரத்தில் மூன்று வளையங்கள் மட்டும் மிஞ்சின. அத்தை விடாமல் தேய்க்கப் போனபோது அம்மாதான் தடுத்தாள்: "போரும். இதுக்கு மேல தேச்சா தகரம் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஆளோடு வந்தார். பானெட்டில் தன் முகம் தெரிந்ததும் சற்றுத் திகைத்தார். பிறகு குனிந்து, தேடி, ஓரத்தில் விரலை வைத்தார். "இதோ இருக்கே! சொன்ன சொல் சொன்னதாக்கும்." வாக்குக் கொடுத்தவள் அத்தை; அவளால் மறுக்க முடியாது. கதவுக்குப் பின்னால் அம்மா ஏதோ முனகினாள். வழக்கம்போலத் திருப்பிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, வாசற்படி இறங்கி வந்து, காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"அது நான் போட்ட கீறல். அவ வாக்குல என் கை சேர்த்தி இல்லை. வண்டி வித்துராவுக்குத்தான் போகும். நீங்கோ வேற வண்டி பாருங்கோ."

வந்த ஆள் திண்ணையோரம் கழற்றிவிட்ட செருப்பைத் தேட ஆரம்பித்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார், திருப்பிச் சொல்வேன் என்று காத்திருப்பவர்போல. நான் சொல்லவில்லை.

இப்போது எங்கள் தெருவில் காரை நிறுத்த விடுவதில்லை. பெரியப்பா போய்விட்டார், அந்தக் காரும் பதினோரு வருஷம் வித்துரா மலைப்பாதையில் ஓடிவிட்டுப் பழைய இரும்புக்குப் போயிற்று. நாள்கணக்கில் கை வலிக்கத் தேய்த்ததை இன்று மெஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற வழக்கமும் ஒழிந்தது. இப்படிக் கட்டுரை எழுதுகிறவர்கள் போனதையெல்லாம் நினைத்து ஏங்க வேண்டும் என்பார்கள். நான் ஏங்கமாட்டேன். அந்த மூன்று வளையங்கள் இருந்த தகரத்தை மட்டும், இரும்புக்காரனிடம் கொடுக்குமுன் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.