கொதிக்கும் டீயில் கலந்த பொடி

ஐந்தாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பி, லாரியிலும் ஹோட்டலிலுமாகத் திரிந்தவன் நான். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அக்கா, விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவள். எழுபது வயதில் அவள் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடப்பது, வேப்பூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசியபோதுதான் தெரிந்தது.

ஓடினேன். ஊசி போட்டதில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்த மருந்தாலேயே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. அதற்கு டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு டீ கொதிக்கக் கொதிக்க வேண்டும். அதனால் பொடியை ஃபிளாஸ்க் டீயிலேயே கலக்கிக் கொடுத்தேன். மூன்று நாளாகியும் போக்கு நிற்கவில்லை. பார்த்த உடனே என்னைத் திட்டுகிற அக்கா, டீக்கு வாயைத் திறந்ததோடு சரி, கண்ணைக்கூடத் திறக்காமல் கிடந்தாள். ஒரு வசவாவது காதில் விழாதா என்று ஏங்கி, கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் நான் பொடியை டீயில் கலக்குவதை நர்ஸம்மா பார்த்துவிட்டார்.

"அண்ணே, இந்தப் பொடியில இருக்குறது உசுரோட இருக்குற, வயித்துக்கு நல்லது பண்ற கிருமிங்க. கொதிக்கிற டீயில போட்டா செத்துப் போவாதா? ஆறுன தண்ணியில குடுங்க."

அப்படியே கொடுத்தேன். குளுக்கோஸும் ஏற்றினார்கள். இரண்டு நாளில் வயிறு அடங்கியது. நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

"ஊரு சுத்தி நாயே, அதையும் சூளையில வெச்சிட்டியாடா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொரு தடவ திட்டுக்கா" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த மருந்தானாலும் எதில் கலக்க வேண்டும், சூடாகவா, ஆறவைத்தா என்று கேட்ட பிறகே கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை விருத்தாசலம் போய் அக்காவைப் பார்க்கிறேன். ஆனாலும் திரும்பி பஸ் ஏறும்போது, இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.