ஆமைக்குப் பொட்டு வைத்த வரதன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை மாமல்லபுரம் கடற்கரையில் நின்றேன். சிற்பம் பார்க்கப் போகவில்லை... ஆமை பார்க்க!

இழுத்துக்கொண்டு போனவர் நண்பர் வரதன் — செங்கல்பட்டில் விலங்கியல் விரிவுரையாளர். கடலாமை முட்டைகளை நாயும் நரியும் தின்றுவிடாமல் காக்க, மீனவர் குப்பத்தை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார். 'இந்த சீசனில் பன்னிரண்டு ஆமைகள் வந்தன' என்று மெட்ராஸ் வனத்துறை ஆபீசுக்கு எழுதினார். பதில் வந்தது: 'இரண்டு மூன்று ஆமைகளே திரும்பத் திரும்ப வந்திருந்தால்? நிரூபிக்கவும். இல்லையேல் கொட்டகையைப் பிரிக்கவும்.'

நியாயமான கேள்விதானே? வரதன் தூக்கத்தைத் தொலைத்தார்.

ஆமைக்கு எப்படி அடையாளம் வைப்பது? ஓட்டில் துளை போட்டுக் கம்பி மாட்டலாம். "பாவம்!" என்றார் அவர் மனைவி. மாட்டின் காதில் அடிக்கும் தகட்டை ஆமையின் துடுப்புக் காலில் அடிக்கலாம். கால்நடை ஆஸ்பத்திரியில், "முதலில் மாட்டைக் கூட்டி வாருங்கள்" என்றார்கள். கடைசியில் பெயின்ட்! அடுத்து முட்டையிட வந்த ஆமையின் முதுகில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு அனுப்பினார்.

மறு வாரம் வந்த ஆமையின் முதுகில் சிவப்பு வட்டம். அதற்கடுத்த ஆமைக்கும் அதே வட்டம்!

"போச்சு... ஒரே ஆமைதான் வந்துகொண்டிருக்கிறது. என் கொட்டகை போச்சு" என்று அந்தச் சனிக்கிழமை கரையில் என்னிடம் புலம்பினார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அப்போது கரையில் வலை இழுத்தார்கள். உள்ளே ஓர் ஆமை. மீன் விற்கும் அஞ்சலை அதை விடுவித்து, முதுகில் பிரஷ்ஷால்... சிவப்பு வட்டம் போட்டார்!

வரதன் அலறிக்கொண்டு ஓடினார். "என்னம்மா இது?"

"இன்னா சார் கத்துற? ஆமை எங்களுக்கு சாமி, வலைல மாட்டிக்கினா குங்குமம் வெச்சித்தான் வுடுவோம். தண்ணில கரைஞ்சிபூடும். நீ பெயின்ட்டால பொட்டு வெச்சியே... ஐடியா ஷோக்கா கீது! இப்போ அல்லாத்துக்கும் பெயின்ட்டுதான்."

"ஐயோ! இனி எது எந்த ஆமை என்று எப்படித் தெரியும்?"

"மூஞ்ச பார்த்தா தெரியாதா சார்? இதுக்குக் கண்ணாண்ட செதிலு மூணு. போன வாரம் வந்ததுக்கு நாலு, ஒண்ணு கோணலா கீது."

வரதன் டெரிலின் சட்டையோடு மணலில் குப்புறப் படுத்து ஆமையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக!

அஞ்சலை சொல்லச் சொல்ல, வரதன் முகம் முகமாக வரைந்தார். மொத்தம் ஒன்பது ஆமைகள். படங்களை மெட்ராசுக்கு அனுப்பிவிட்டு, வாசலிலேயே தபால்காரருக்காகத் தவம் கிடந்தார்.

நேற்று தந்தி வந்தது: 'கொட்டகை இருக்கட்டும். அஞ்சலையை உடனே அனுப்பவும்.'

வரதனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!