அக்காவின் பாதித் திரை

கிடங்கில் அவனை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், வீடியோ கேம் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அவன் தீர்ப்புச் சொல்லிவிடுவான். மேல்முறையீடு கிடையாது.

"கன்சோல்னா டிவியில மாட்டணும். டிவிக்கு எதிர்ல சோபா இருக்கணும். சோபால ரெண்டு பேர் இருக்கணும். மத்ததெல்லாம் வெறும் பொழுதுபோக்கு" என்பான், டீ இடைவேளையில்.

"அப்போ கையில வச்சுக்கிட்டு ஆடறது?" என்று கிளறிவிடுவார் சூப்பர்வைசர்.

"அது டிபன் பாக்ஸ் சார். மூலையில உக்காந்து தனியா திங்கறவனுக்கு."

"இன்டர்நெட்ல ஊர் உலகமே சேர்ந்து ஆடுதேப்பா?"

"ராங் நம்பர்ல வந்தவன்கிட்ட குடும்பக் கதை பேசற மாதிரி அது. ஜோடி ஆட்டம்னா ஆள் பக்கத்துல இருக்கணும் சார். நான் தப்பு பண்ணா தலையில குட்டணும்."

அப்படிக் குட்டுவதற்கு அவனுக்கு ஒருத்தி இருந்தாள். அவன் அக்கா. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மாலையில், கல்யாண வாழ்க்கை முறிந்து, கையில் ஒரே ஒரு பெட்டியோடு அவள் தம்பியின் வாசலில் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். சோபாவில் தன் பக்கத்தில் இடம் பண்ணினான். தூசி படிந்து கிடந்த இரண்டாவது கன்ட்ரோலரைச் சட்டை நுனியால் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"இந்த பட்டன் குதிக்கறதுக்கு. இது சுடறதுக்கு. விழுந்துட்டா பயப்படாதக்கா. நான் வந்து பக்கத்துல நின்னா நீ எழுந்துடுவே."

அன்று அவள் நாற்பது தடவையாவது விழுந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் வந்து நின்றான். அழுவதற்கு அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்தச் சோபாதான் அவர்கள் குடும்பம். தினமும் சாப்பிட்டு முடித்ததும் முதலில் ஒரு டாங்கிச் சண்டை. திரை நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிரியும். இடது பாதி அக்காவுக்கு, வலது பாதி தம்பிக்கு. சுவர்களுக்கு நடுவே ஒளிந்து, தேடி, முதலில் சுடுகிறவர் ஜெயிப்பார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் கழுவியது அக்காதான். காரணம் பரம ரகசியம் ஒன்றுமில்லை. அவள் எங்கே ஒளிந்தாலும் ஜட்ஜ் ஓரக்கண்ணால் அவள் பாதியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான்.

"டேய், என் பக்கம் பாக்குறே! தீர்ப்பு சொல்ற ஆளு செய்யற காரியமாடா இது?"

"ஒரே திரைக்கா. கண்ணைக் கழட்டியா வைக்க முடியும்?"

இந்தச் சண்டை ஒரு நாள் இல்லையென்றால் அவளுக்குச் சோறு செரிக்காது.

சென்ற வருடம் ஜட்ஜ் கட்சி மாறினான். கிடங்கே வியக்கும்படி ஒரு கையடக்கக் கருவியை வாங்கிக்கொண்டு வந்தான். டீ இடைவேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆடினான்.

"என்ன ஜட்ஜய்யா, டிபன் பாக்ஸா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"காலம் மாறுது சார். இனிமே இதுதான். பெரிய திரையெல்லாம் கண்ணுக்கு உறுத்தல்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வீட்டில் அக்கா ஜெயிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. தொடர்ந்து பதினோரு நாள். "பாத்தியா, திருட்டுத்தனத்தை விட்டுட்டே. வயசாக ஆக மனுஷனாயிட்டு வர்றே" என்று அவன் முதுகில் தட்டினாள். அவன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான். அந்தப் பதினோரு நாளில் நான்கு கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. எல்லாமே சமையல் மேடையின் இடது ஓரத்தில் இருந்தவை.

பன்னிரண்டாம் நாள், உடைந்த சில்லைக் குப்பையில் போடும்போது அவள் மேடையின் இடது ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைய சண்டையில் தன் டாங்கியை ஆட்டத்தில் வரும் கிணற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தாள். அவளுடைய பாதித் திரையில் அந்தக் கிணறு பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஒரு தடவை கண்ணைத் திருப்பினால் போதும். அவன் பத்து நிமிடம் தேடினான். அவள் திரையை விட்டுவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை நீட்டி, அவன் காதருகே விரல்களை ஆட்டினாள்.

அவன் திரும்பவில்லை.

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம். கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அவன் திடுக்கிட்டான்.

"எத்தனை நாளாடா?"

அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். "ரெண்டு வருஷம் இருக்கும். ஓரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா காணாம போகுதுக்கா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா, ஆமான்னு சொல்லிடுவாரே."

கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தாள் அக்கா. "பாவி! வண்டி ஓட்டறியேடா! எவன் கால் மேலயாவது ஏத்தினேன்னா?"

மறுநாள் காலை அவனே வண்டிச் சாவியைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்தான். ஏதோ புதுத் தீர்ப்பு என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வேலை போகவில்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள்.

கண் டாக்டர் படங்களைப் புரட்டிவிட்டு, "கண்ணுக்குள்ள அழுத்தம். நரம்பு செத்துக்கிட்டே வந்திருக்கு. இப்போ இவர் உலகத்தை ஒரு குழாய் வழியா பாக்கறார்னு வச்சுக்குங்க" என்றார்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து தர்றேன். ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. முழுசா காப்பாத்திடலாம்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வராந்தாவில் வைத்து அவன் சொன்னான்: "டிபன் பாக்ஸ் மட்டும்தான் முழுசா கண்ணுக்குள்ள அடங்குதுக்கா. அதான் வாங்கினேன்." அதை வாங்கியதற்காக அவனைக் கேலி செய்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வராந்தாவின் தரை பிளந்து தன்னை விழுங்காதா என்று அவளுக்கு இருந்தது.

அன்று மாலை அந்தச் சின்னக் கருவியை மேசையில் நிறுத்தி, இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். உள்ளங்கை அகலத் திரை, அதிலும் பாதி. நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அவளுடைய டாங்கி ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. கண்ணாடி போட்டும் பயனில்லை. தம்பிக்குத் தெரிகிற திரை அக்காவுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிகிற திரை தம்பிக்கு அடங்கவில்லை.

"நீ தனியா ஆடுடா" என்று எழுந்தாள்.

"தனியா ஆடறதுக்கு எதுக்குக்கா ஆடணும்?"

அவர்களுக்கு வழி காட்டியது ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு நாள் கழித்து, சும்மா பெரிய டிவியில் கன்சோலை மாட்டி ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியில் தாகமெடுத்து அவன் சமையலறைக்குப் போனான். திரும்பி வரும்போது வாசலில் நின்று, "அக்கா, கிணத்துக்குப் பின்னாலதானே நிக்கறே?" என்றான்.

அவள் துள்ளி எழுந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய திரையும் சின்னதாகிவிடுகிறது! அன்றே இருவரும் சோபாவைப் பக்கச் சுவரிலிருந்த சமையலறை வாசலுக்கு நேராகப் பின்னால் தள்ளினார்கள். சோபாக் கால் நின்ற இடத்தில், கிடங்கிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் டேப்பை ஒட்டினான் அவன். அன்றைய சண்டையில் அக்கா மூன்றே நிமிடத்தில் தோற்றாள்.

"என் பக்கம் பாக்குறே! திருடா! திருடா!" என்று கத்திக்கொண்டே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தச் சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. பிறகு ஒரு வாரம் தொடர்ந்து அக்கா ஜெயித்தாள். சோபாவை ஓரடி பின்னால் தள்ளி, இரண்டாவது மஞ்சள் டேப்பை ஒட்டினார்கள். அடுத்தது இரண்டு மாதத்தில். அதற்கடுத்தது ஐந்து வாரத்தில். சொட்டு மருந்து ஒரு நாளும் தவறவில்லை. தரையில் மஞ்சள் கோடுகள் ஏணிப்படி மாதிரி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வீட்டைப் பெருக்கும்போது அவற்றின் மேல் விளக்குமாறு படாமல் பெருக்கினாள் அக்கா.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சோபாவின் முதுகு சுவரில் இடித்தது.

"சின்ன டிவி ஒண்ணு வாங்கிடலாமாடா?"

அவன் தலையாட்டினான், வேண்டாமென்று. "இப்போ நடுவுலயும் மங்கலாகுதுக்கா. இதைவிட சின்னதானா எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். பெருசு அடங்கல. சின்னது தெரியல." அதைச் சொன்ன குரலில் பழைய தீர்ப்பின் மிடுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவளை வதைத்தது.

இருந்தாலும் உட்கார்ந்தார்கள். திரை இரண்டாகப் பிரிந்தது. அக்கா தன் டாங்கியைக் கொண்டுபோய் அதே கிணற்றுக்குப் பின்னால் நிறுத்தினாள். அவன் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு தேடினான். ஒரே சந்தில் மூன்று தடவை போய் முட்டினான். கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, தன் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளால் தாங்க முடியவில்லை. சத்தமில்லாமல் டாங்கியை வெளியே ஓட்டி, அவன் பீரங்கிக்கு நேர் எதிரே, முட்டுகிற தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவன் சுட்டான்.

"டேய்!" என்று கத்தினாள் அக்கா. குரல் உடையாமல் கத்துவதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "என் பக்கம் பாத்துட்டே! திருட்டுப் பயலே!"

அவன் முகம் நேராக, அசையாமல் இருந்தது. "ஆமாக்கா. மாட்டிக்கிட்டேன்" என்றான்.

தோற்றவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரெண்டு தட்டுதானே? எவ்வளவு நேரமா தண்ணி ஓடுது?"

குழாய் மூடப்படவில்லை.