சின்னக்கா என்றால், பெரியக்கா யார்?

குடும்பத்தில் அவளுக்கு நோண்டி என்று பெயர். எதையும் நோண்டாமல் விடமாட்டாள் என்று அம்மா வைத்தது. ஐம்பது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிழைப்பும் அதற்கேற்ற மாதிரிதான். கடைத்தெரு முனையில் தையல் மெஷின் ரிப்பேர் கடை.

அம்மா போன பிறகு அவளுக்கு வம்சம் எழுதும் பைத்தியம் பிடித்தது. கடைச் சுவரில் நீளத் தாளை ஒட்டி, மேலே தாத்தா பாட்டி, கீழே கிளைகள் என்று வரைந்தாள். தூரத்துச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுக் குடைந்தாள். தாத்தாவின் அண்ணன் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் என்று வீட்டில் பெருமையடிப்பார்கள். அவர் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் என்று தெரிந்த அன்று, ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒருநாள் மாமா கடைக்கு வந்து தாளைப் பார்த்தார்.

"சின்னக்கா பேருக்குப் பக்கத்துல என் பேரக் கொஞ்சம் பெருசா எழுதேன்!"

நோண்டியின் பேனா நின்றது. பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல்தான். மாமா அவள் அம்மாவை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. ஆனால் தாத்தாவுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர், மூத்தவள் அம்மா, இளையவர் மாமா என்றல்லவா சொல்லி வளர்த்தார்கள்?

"மாமா, எங்கம்மா சின்னக்கான்னா, பெரியக்கா யாரு?"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சும்மா செல்லமா கூப்பிட்டது. எல்லாத்தையும் நோண்டாத" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

விடுவாளா? மறுநாள் மாமா இல்லாத நேரம் பார்த்து அத்தையின் சமையலறையில் போய் நின்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை கத்தியை வைத்தாள்.

"உனக்கு ஒரு பெரியம்மா இருக்கா. சின்ன வயசுல காசநோய் வந்து மலை ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. குணமாயிடுச்சு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அங்கேருந்து ஆள் வந்து சொல்லியும் உங்க தாத்தா போகல."

"ஏன் போகல?"

"விஷயம் வெளிய தெரிஞ்சா உங்கம்மாவ யாரு கட்டுவா? உங்க மாமாவுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஊருக்குச் செத்துட்டான்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் அவ பேச்சையே எடுக்கல. எனக்கே கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரியும்."

"தெரிஞ்சதுக்கப்புறமும் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா, அத்த?"

அத்தை மறுபடி கத்தியை எடுத்தாள். நோண்டிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

கடையைப் பூட்டிவிட்டு மலைக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியின் பின்னால் பழைய ஊழியர்களுக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. வாசலில் இரண்டு கிழவிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து புருவத்தைச் சுளித்தாள். அம்மாவின் அதே சுளிப்பு. நோண்டி எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் யாரென்று சொன்னாள்.

"யாரு செத்துட்டா?" என்பதுதான் பெரியம்மாவின் முதல் கேள்வி.

"எங்கம்மா."

பெரியம்மா விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தாள். "ஒரே ஒரு தடவ வந்தா. வயித்துப் பிள்ளையோட. அது நீதான் போல. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டா. உள்ள வாடின்னேன். பிள்ளைக்கு ஒட்டிக்கும்னா. குணமாகி எத்தன வருஷம், என்கிட்ட ஒட்டுறதுக்கு என்ன இருந்துச்சு?"

இதை நோண்டி எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் தாத்தாவையும் மாமாவையும் திட்டிக்கொண்டு வந்தவளுக்கு, அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்றதும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மற்றவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளையும் கூட்டிப்போக யாரும் வரவில்லையாம். இருவரும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தே காலத்தை ஓட்டியவர்கள்.

வம்சத் தாளைப் பற்றிச் சொன்னதும் பெரியம்மா கறாராகச் சொன்னாள்: "என் பேர எழுதுனா பக்கத்துல இவ பேரையும் எழுது. இல்லன்னா ரெண்டும் வேணாம்."

மலையிறங்கியவள் நேராக மாமா வீட்டுக்குப் போனாள். மகன், மருமகள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே போட்டு உடைத்தாள்.

"அப்பா முடிவு பண்ணது. நான் என்ன பண்ண முடியும்? அப்ப நான் சின்னப் பையன்" என்றார் மாமா.

"தாத்தா செத்து முப்பது வருஷமாச்சு. இன்னுமா சின்னப் பையன்?"

மறுவாரமே அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினாள். பெரியம்மா வாசற்படியை விட்டு இறங்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மாமா "பெரியக்கா" என்று கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பார்த்தாச்சில்ல, போ. மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு வந்திருந்தா, அது இங்க இல்ல."

கதவு மூடிக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் மாமா விசும்பினார். நோண்டி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

மாமா இப்போதும் மாதாமாதம் போகிறார். கதவு சில மாதம் திறக்கிறது, சில மாதம் திறப்பதில்லை. நோண்டிக்கு எப்போதும் திறக்கும். பழம் வாங்கிப் போனால் மட்டும், "நான் என்ன நோயாளியா?" என்று திட்டு விழும். இரண்டு பெயர்களையும் அவள் தாளில் அருகருகே எழுதிவிட்டாள். அம்மாவின் மேலுள்ள கோபம் மட்டும் ஆறவில்லை. அதை ஆற்றிக்கொள்ள அவளும் மெனக்கெடவில்லை.