நான்கு புள்ளி எட்டும் கனகவல்லியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அஸ்தினாபுரத்திலிருந்து தொலைபேசி வந்தது. “ஆன்ட்டி, பெரியம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க” என்றாள் கனகவல்லியின் தங்கை மகள். தாம்பரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் படித்த உங்களுக்கு அவர் விளையாட்டு டீச்சர். கணக்கு டீச்சரான எனக்கு, பதினெட்டு ஆண்டுகள் பக்கத்து நாற்காலி.

அறுபதுகளில் பள்ளி அடி, கஜத்தை விட்டு மீட்டருக்கு மாறியபோது நான் வாய்பாட்டை மனப்பாடம் செய்தேன். அவர் தம் நடையை அளந்தார். ஒரு தப்படி அறுபத்தைந்து சென்டிமீட்டர். இரும்புலியூர் வீட்டிலிருந்து பள்ளி எத்தனை மீட்டர் என்று தினமும் எண்ணிக்கொண்டே வருவார். “இன்னிக்கும் போச்சு மிஸ். எண்ணூறுல ஒரு பொண்ணு குட்மார்னிங் சொல்லிட்டா” என்று அலுத்துக்கொள்வார். “மீட்டர மொதல்ல காலுக்குச் சொல்லிக் குடுக்கணும். மூளை தானா கத்துக்கும்” என்பது அவர் கட்சி. எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

மாவட்டப் போட்டிக்கு நீளம் தாண்டுவதில் ஒரே ஒரு பெண்ணை அனுப்ப வேண்டியிருந்தது. அவர் நாடாவைப் பிடித்து அளவைச் சொல்ல, நான் நோட்டில் குறித்தேன். மறுநாள் எஸ்தரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். குணசுந்தரி அழுதுகொண்டே அவரிடம் ஓடினாள். “என் தடம் எஸ்தர் தடத்துக்கு அப்பால இருந்துச்சு மிஸ். நானே பாத்தேன்.”

மணல்குழியை அதற்குள் கிளறிச் சமன் செய்திருந்தார்கள். மிஞ்சியது என் நோட்டுதான். எஸ்தருக்கு 4.8, குணசுந்தரிக்கு 4.35.

“எண்பது பெரிதா, முப்பத்தைந்து பெரிதா?” என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

“எண்பது தாண்டியிருந்தா நான் நேத்தே கத்தி ஊரக் கூட்டியிருப்பேனே மிஸ்!” அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கோபமே இல்லை, புதுப் பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “நாலு மீட்டர் எட்டு சென்டின்னுதான் சொன்னேன். இது எப்படி வந்துச்சு? நாலடி எட்டு அங்குலத்த எப்படி எழுதுவீங்க?”

எழுதிக் காட்டினேன். 4.8. மரக்கடைக்கு அப்பா எழுதும் சீட்டில் கற்ற பழக்கம். கை பழையபடி எழுதியிருந்தது. தசமம் நடத்துகிறவளின் கண் அதை நான்கு மீட்டர் எண்பதாகப் படித்திருந்தது. எட்டுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் இல்லை.

“ஐயோ, எவ்ளோ அழகா தப்பாயிருக்கு!” என்றார்.

எனக்கு அழகாகத் தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பலகையை மாற்றலாம் என்றேன்.

“பேர் லிஸ்ட் மூணு மணிக்குப் போவுது மிஸ். உங்க கௌரவத்த நாளைக்குப் பாத்துக்கலாம்.”

மதிய இடைவேளையில், கூட்டத்தின் நடுவே நோட்டில் 4.8ஐ அடித்து 4.08 என்று எழுதிக் கையெழுத்திட்டு, பலகையில் குணசுந்தரியின் பெயரை ஒட்டினேன். எஸ்தரிடமும் நானே போய்ச் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. கனகவல்லி என் பக்கத்திலேயே நின்றார். குணசுந்தரி போட்டியில் ஐந்தாவதாக வந்தாள். “அவளே தாண்டி வாங்கின அஞ்சு” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அன்று நடந்ததை நான் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மறு ஆண்டு தசமப் பாடத்தன்று கனகவல்லி தாம் எடுத்து வைத்திருந்த அந்த நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து, ஓய்வு பெறும்வரை, 4.8, 4.08 என்ற இரண்டு எண்களை எழுதித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்கினேன். வருடந்தோறும் யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்பாள்: “இப்படி எழுதினது யாரு மிஸ்?”

“நான்தான்” என்பேன். அப்படிச் சொல்ல முடிந்தது கனகவல்லியால். அந்த நோட்டை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.